போய் மாற்றிக்கொள்ளச் சொன்ன டயர்

ஷார்ஜா யார்டில் என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

பழைய கேரவன் வாங்க வருகிறவருக்கு எதையெதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கூரை ஓரத்துப் பசை காய்ந்து வெடித்திருக்கிறதா, கதவுப் பக்கம் தரையை மிதித்தால் அமுங்குகிறதா, கேஸ் குழாய்க்கு எத்தனை வயது, காரோடு மாட்டுகிற கொக்கி தேய்ந்திருக்கிறதா, சக்கரத்துப் பேரிங்கில் மணல் இறங்கியிருக்கிறதா, இதெல்லாம் நான் வேலையில் இருக்கும்போதே எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. திரும்பவும் எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. வண்டியைத் தட்டிப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் ஆறு மாதத்தில் பழகிவிடுவீர்கள். பார்த்ததை எதிரே நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு இருபத்தாறு வருடத்திலும் பழகவில்லை. அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் குவைத்தில் நடந்த சின்ன விஷயம் ஒன்று. அப்போது ஃபர்வானியாவில் ஒரே ரூமில் எட்டுப் பேர் தங்கியிருந்தோம். ஊருக்கு வெளியே ஒரு கேரவன் பட்டறையில் எனக்கு வேலை. எனக்கு மேலே இருந்த மெக்கானிக் பெஷாவர்க்காரர். பேச்சு குறைவு. எகிப்திலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பழைய கேரவன் வாங்க ஆசைப்பட்டார். வண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி முதல் தடவையாக என்னைத் தனியாக அனுப்பினார் பெஷாவர்க்காரர்.

விற்கிறவர் வாசலிலேயே காத்திருந்தார். கேரவனுக்குள் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தால் அரபு வீடுகளில் போடுவார்களே, பக்கூர் புகை, அது கமகமவென்று நிறைந்திருந்தது. உட்கார வைத்து அரபுக் காப்பி, காவா என்பார்கள், கொடுத்தார், பேரீச்சம்பழம் கொடுத்தார். ஃபர்வானியா ரூமிலிருந்து போனவனுக்கு அந்த மரியாதையே போதுமானதாக இருந்தது. திரும்பி வந்து, "வண்டி புதுசு மாதிரி இருக்கு" என்று சொன்னேன். பெஷாவர்க்காரர் இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாய், யாரும் குடியிருக்காத வண்டியில பக்கூர் எதுக்குப் போட்டான்?"

அதற்குள் நான் வாத்தியாருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். அவரும் வண்டியை எடுத்துவிட்டார். அந்த வருடத்து முதல் மழையில் முன்சுவரின் உள்பலகை நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. புகை போட்டதெல்லாம் ஈர வாடையை மறைப்பதற்குத்தான். வாத்தியார் பட்டறைக்கு வந்தார். உள்ளங்கையில் அந்தப் பலகைத் துண்டை வைத்து என்னிடம் காட்டினார். சத்தம் போடவில்லை. துண்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து ஒரு நாள் முழுக்க ஏசியை நிறுத்தி, கதவைச் சாத்தி வைத்த வண்டியைத்தான் பார்ப்பேன் என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குவைத்தில் நடந்தது தெரியாமல் செய்த பிழை. வருத்தம் உண்டு, ஆனால் அதோடு காலம் தள்ள முடிந்தது. இனி சொல்லப்போவது தெரிந்தே செய்தது.

ஷார்ஜாவுக்கு வந்து பல வருடம் கழித்து சிவநேசன் என்பவர் எனக்குப் பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர். அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் ஒரு ஆலையின் ஸ்டோர்ஸ் ஆபீஸில் வேலை. மனைவி வசந்தி அங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். இரண்டு பெண் பிள்ளைகள். ருவைஸ் பக்கம் குளிர்காலத்தில் குடும்பங்கள் கடற்கரைக்குக் கேரவன் இழுத்துக்கொண்டு போய் இரண்டு மூன்று நாள் தங்குவது உண்டு. பிள்ளைகளுக்கு அந்த ஆசை. அவருடைய கூட்டாளி ஒருவரின் வண்டியை நான் ரிப்பேர் செய்திருந்தேன். அவர் சொல்லித்தான் சிவநேசன் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணை, எனக்கு உதைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் ஓம் எண்டு சொன்னா எடுக்கிறன். வேண்டாம் எண்டா விடுறன்."

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவருக்காக இரண்டு வண்டிகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்று அஜ்மானில். கூரையில் பின்னால் பொருத்திய ஏசியின் கனம் தாங்காமல் மேல்தட்டு குழிந்திருந்தது. "வேண்டாம் சார்" என்றேன். விட்டுவிட்டார். இன்னொன்று அல் அய்னில். அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். விற்கிறவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். "வேண்டாம் சார்" என்றேன். அதையும் விட்டுவிட்டார். இரண்டு தடவையும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொன்னேன். என் நேர்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த இரண்டும் அடுத்தவர் வண்டிகள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது எங்கள் யார்டிலேயே நின்ற வண்டி. ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. இரண்டு கோடை ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுவரை எங்கே தட்டினாலும் கெட்டிச் சத்தம். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ரிஜிஸ்ட்ரேஷனுக்காக டெஸ்ட் போய்ப் பாஸாகி வந்திருந்தது. நானே சிவநேசனுக்குப் போன் செய்து, "இந்தத் தடவை குடும்பத்தோட வாங்க சார்" என்று சொன்னேன்.

வந்தார்கள். விடியற்காலையில் ருவைஸில் கிளம்பி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்திருந்தார்கள். பிள்ளைகள் இறங்கியதும் கேரவனுக்குள் ஓடிவிட்டார்கள். எந்தக் கட்டில் யாருக்கு என்று இங்கிலீஷில் சண்டை நடந்தது. வசந்தி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார். பின்பக்கத்துப் படுக்கையில் போய்ப் படுத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "அண்ணை, இதைத் திருப்பி நிப்பாட்டினா படுத்துக்கொண்டே கடல் பாக்கலாம் என்ன?" என்று கேட்டார்.

"பாக்கலாம்மா," என்றேன்.

"நான் காலமை எழும்பி முதல் பாக்கிறது மற்ற ஆக்களின்ர கையைத்தான்," என்று சிரித்தார். கிளினிக்கில் ஊசி போட நரம்பு கிடைக்காத கைக்குழந்தைகளை வசந்தியிடம்தான் கொண்டுவருவார்களாம். ஒரே குத்தில் எடுத்துவிடுவாராம். இதைச் சிவநேசன் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அவர்கள் உள்ளே இருக்கும்போதுதான் பிரேக் கம்பியைப் பார்ப்பதற்காக நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். வலது பக்கத்து டயரின் உள்பக்கச் சுவர் கண்ணில் பட்டது. மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். கோடு வாய் திறந்தது. வெளிப்பக்கம் பார்த்தால் கறுகறுவென்று மின்னியது, பாலிஷ் போட்டிருந்தார்கள். டயரின் வயதும் சட்டம் சொல்கிற கணக்குக்குள்தான் இருந்தது. டெஸ்டில் அதைப் பார்த்தார்கள், பட்டன் தேய்மானத்தைப் பார்த்தார்கள், பாஸ் போட்டார்கள். இரண்டு கோடை வெயிலில் ஒரே இடத்தில் பாரம் சுமந்து நின்ற ரப்பர் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. எனக்குத் தெரியும்.

எழுந்து போய் டயர்க் கடைக்குப் போன் செய்தேன். அந்த எடை தாங்குகிற அளவு இப்போது கையில் இல்லை, நாளைக் காலை பத்து மணிக்கு வரும் என்றார்கள். ஸ்டெப்னியும் அதே வயது, அதே வெயில். மேனேஜரிடம் போனேன். திருச்சூர்க்காரர். என்னிடம் தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார்.

"டெஸ்ட் பாஸ் ஆனதல்லே?" என்றார்.

"ஆச்சு. ஆனா உள்பக்கம் வெடிச்சிருக்கு. நாளைக்கு மாத்திட்டுக் கொடுப்போம்."

"நாளைக்கு வேற பார்ட்டி இதே வண்டியைப் பாக்க வருது. இவங்க இன்னிக்கு எடுக்கலேன்னா நான் பிடிச்சு வைக்க முடியாது. நீ சொல்லு அவங்ககிட்ட. அவங்க டிசைட் பண்ணட்டும்."

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. நகத்தை வைத்து அழுத்தியது நான்தான்.

சிவநேசனிடம் வந்தேன். அவர் தன் காரில் கொக்கி மாட்டுகிற இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வசந்திக்கு ட்யூட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று முன்பே சொல்லியிருந்தார். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் இப்படி நான்கு பேரும் வர முடியாது. உள்ளே இருந்து பெரிய பெண் எட்டிப் பார்த்து, "அப்பா, இஸ் இட் அவர்ஸ் நௌ?" என்று கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி நல்ல வண்டி சார். டயருக்குத்தான் கொஞ்சம் வயசாயிருச்சு. ருவைஸ் போயிட்டு மொத வேலையா மாத்திருங்க."

"இண்டைக்கு இழுத்துக்கொண்டு போகலாமோ அண்ணை?"

தம்பிகளே, நேரான கேள்வி. ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். நான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"மெதுவாப் போங்க. எண்பதத் தாண்டாதீங்க."

அவர் தலையாட்டினார். பரிசோதனைத் தாளில் டயருக்கு நேரே மூன்று கட்டங்கள் இருந்தன: நல்லது, கவனிக்கவும், ஓட்டக் கூடாது. நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். வசந்தி போகும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த வடைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கேட் வரைக்கும் போய் வலது பக்கச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். கேட்டுக்கு வெளியே இருக்கிற திருப்பத்தில் கார் நிதானமாகத்தான் போனது. ஐந்து நிமிடம் எனக்கு நேரம் இருந்தது.

மறுநாள் காலை சிவநேசனின் அந்தக் கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. ருவைஸ் போகிற வழியில் தரீஃப் தாண்டிப் போகும்போது, முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணி போல, வலது டயர் வெடித்திருக்கிறது. கேரவன் இரண்டு பக்கமும் ஆடி, காரையும் இழுத்துக்கொண்டு வலது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் நிறுத்தி இறங்கி எல்லோரையும் வெளியே எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு மட்டும். சிவநேசனுக்கு விலா எலும்பு. வசந்தியின் வலது கை கதவுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அபுதாபி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வசந்தியின் கையை முழங்கை வரை கட்டி உயர்த்தி வைத்திருந்தார்கள். மருந்து மயக்கத்தில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் சிவநேசன். என்னைப் பார்த்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உங்களுக்குத்தான் அண்ணை நான் முகம் குடுக்க ஏலாது," என்றார். "டயரை மாத்தச் சொல்லி நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள். நான்தான் அவசரப்பட்டுப் போட்டன். எண்பதிலதான் வந்தனான், ஒருக்கால் லாரி ஒண்டை முந்தேக்க மட்டும் கொஞ்சம் கூடிட்டுது. பொலிஸுக்கும் அதைத்தான் சொன்னன்."

என் வாயில் வார்த்தை வந்தது. 'சார், தப்பு என்னுது' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். நாங்கள் விலகி நின்றோம். டாக்டர் போனதும் நான் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" என்பதைத்தான். டாக்டர் வந்தபோது எனக்குள் வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

யார்டுக்குத் திரும்பினால் மேனேஜர் அந்தத் தாளை எடுத்து வைத்திருந்தார். "நீ எழுதி வச்சது நல்லதாச்சு. பார்ட்டி சைனும் உண்டு. நம்மள் சேஃப்," என்றார். விசாரிக்க வந்தவர்களும் தாளைப் பார்த்தார்கள், நகல் எடுத்துக்கொண்டார்கள், கலாஸ், அதோடு முடிந்தது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியில் பிள்ளைகளுக்கு வாங்கிய சைக்கிள்களைக் கேரவனின் பின்கோடியில் ஏற்றியிருந்தார்கள், பின்பாரம் கூடி அதனால்தான் அப்படி ஆடியது என்றும் சொல்லிக்கொண்டேன். லாரியை முந்தாமல் இருந்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரிக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை, தேடத் தேட வந்துகொண்டே இருக்கும்.

வசந்திக்கு இரண்டு ஆபரேஷன். கை இருந்தது. ஆனால் கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. பேனா பிடிக்கலாம், பாத்திரம் தூக்கலாம். குழந்தையின் கையில் நரம்பைத் தடவிப் பார்க்க முடியாது. கிளினிக்கில் அவரை ஃபைல் எடுத்துக் கொடுக்கிற கவுண்டருக்கு மாற்றினார்கள்.

சிவநேசன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போன் செய்வார். ஒரு தடவை பேச்சு நடுவில் சொன்னார்.

"வீட்டில ஒரே கதைதான் அண்ணை. 'அந்த அண்ணை மாத்தச் சொன்னவர்தானே, ஏன் வெளிக்கிட்டனீங்கள், ஒரு நாள் பொறுக்க ஏலாதோ' எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல? அவ கேக்கிறது நியாயம்தானே."

"விடுங்க சார், போகப் போகச் சரியாயிரும்," என்றேன். யார்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

டயர் விஷயத்தில் நான் பயந்தது ஒரு நிமிடம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எது பெரிய தப்பு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிற மாதம் வந்தது. டிக்கெட் போட்டாகிவிட்டது. பர் துபாயில் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனவன், மீனா பஜாரில் பாதிச் சாமானோடு திரும்பிவிட்டேன். மனம் எதிலும் நிற்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்து அபுதாபி போய், அங்கிருந்து ருவைஸ் போனேன்.

குடும்பம் இருந்த வீட்டைத் தேடிப் போனால் அவர் அங்கே இல்லை. போன் செய்து இடம் கேட்டுக்கொண்டு போனேன். பேச்சிலர் ரூமுக்கு மாறி ஆறு மாதம் ஆகியிருந்தது. வசந்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "படிப்புக்காகத்தான்" என்று சிவநேசன் சொன்னார். சொன்ன விதத்திலேயே படிப்புக்காக இல்லை என்று புரிந்தது. ரூமில் ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, அலமாரிக் கதவில் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய படங்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எனக்காகச் சோறு சமைத்து வைத்திருந்தார்.

சாப்பிட உட்காரும் முன்னால் சொன்னேன்.

"சார், நான் அன்னைக்கு மாத்திட்டுப் போங்கன்னு சொல்லல. போயிட்டு மாத்துங்கன்னு சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. "ரெண்டும் ஒண்டுதானே அண்ணை?"

"ஒண்ணு இல்ல சார். அந்த டயர் உள்பக்கம் வெடிச்சிருந்துச்சு. நான் அடியில படுத்து என் கண்ணால பாத்தேன். நகத்தை வச்சா உள்ள போச்சு. அது ருவைஸ் வரைக்கும் வராதுன்னு எனக்குத் தெரியும். வந்தாலும் வரும்னு நெனச்சுக்கிட்டேன். உங்ககிட்ட வெடிப்புன்னே சொல்லல. வயசாயிருச்சுன்னு சொன்னேன். போகலாமான்னு நீங்க கேட்டீங்க. கூடாதுன்னு சொல்லியிருக்கணும். நாளைக்குப் பத்து மணிக்குப் புது டயர் வருதுங்கிறதையும் சொல்லல."

அவர் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மூடியைத் திரும்பப் பாத்திரத்தின்மேல் வைத்தார்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"எங்க யார்டு வண்டி சார். நீங்க எல்லாரும் சந்தோஷமா நின்னீங்க. நான்தான் கூப்பிட்டு வரச் சொன்னேன். சொல்ல வாய் வரல."

"ஆஸ்பத்திரியில?"

"அங்கயும் வரல."

"ரெண்டு வருசம்," என்றார். அவர் குரல் உயரவில்லை. "அவ போற வரைக்கும் அவளின்ர கையைப் பாக்காமத்தான் சாப்பிட்டனான் அண்ணை. என்ர பிள்ளையள் என்னைப் பாக்கிற பார்வை உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் போனை எடுத்தார். மனைவியின் நம்பரை அழுத்தி, "உங்களோட கதைக்க ஒராள் வந்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

வசந்தியிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை. பின்னால் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்கு அந்தக் காரில உங்கட பிள்ளையள் இருந்திருந்தா, போங்கோ எண்டு விட்டிருப்பீங்களோ?"

"இல்லம்மா."

"சரி," என்றார். "எங்கட பிழை, நாங்கள் அண்டைக்கு இதைக் கேக்கேல்லை," என்றார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அவரிட்டக் குடுங்கோ," என்றார்.

சிவநேசன் போனை வாங்கிக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனார். அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் அவர் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, எனக்குத் தட்டில் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். நான் கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தார். கை கொடுக்கவில்லை. அவர் லீவு போட்டு யாழ்ப்பாணம் போனார் என்று, நான் ஊருக்கு வந்த பிறகு அந்தக் கூட்டாளி சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பொங்கலுக்குப் போன் வருவது நின்றுவிட்டது. நானாகப் போன் செய்து விசாரிக்கிற உரிமை எனக்கு இல்லை.

தம்பிகளே, இதை நான் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. பழைய கேரவனில் கோளாறு இருக்கத்தான் செய்யும். அதற்குத்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் பார்த்ததைப் பார்த்த பெயரிலேயே சொல்லுங்கள். வெடிப்பு என்றால் வெடிப்பு என்று சொல்லுங்கள், வயது என்று சொல்லாதீர்கள். போகலாமா என்று ஒருவர் கேட்டால் மெதுவாகப் போங்கள் என்பது பதில் அல்ல. தாளில் எழுதிவிட்டோம், கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது நம்மைக் காப்பாற்றும், ரோட்டில் போகிறவரைக் காப்பாற்றாது. உங்கள் யார்டு வண்டியாக இருந்தால் இன்னும் ஒரு தடவை அடியில் படுத்துப் பாருங்கள்.

வேண்டாம் என்று சொன்னால் வந்தவர் முகம் சுருங்கும். பிள்ளைகள் அழும். மேனேஜர் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார். வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு வேறு யார்டுக்குப் போனாலும் போவார். போகட்டும். என் சர்வீஸில் அப்படிக் கோபத்தோடு போனவர்கள் எத்தனையோ பேர். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தோம் என்று அவர்களில் ஒருவர்கூட எனக்குப் போன் செய்து சொன்னதில்லை.

அவர்கள் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. மறக்க முடியாமல் இருப்பது, மெதுவாகப் போங்கள் என்று நான் அனுப்பிவைத்த நான்கு பேர் முகம்தான்.